பந்து வெளியே போகட்டும்

கூரை போட்ட அரங்கில் வெளிச்சம் பாலாய்த் தேங்கியிருந்தது. பெண்கள் டென்னிஸ் இறுதி ஆட்டம். யார் பந்து கோட்டுக்குள் விழுந்தாலும் பார்வையாளர் வரிசையில் ஒரு பெரியவர் உச்சுக்கொட்டினார்.

பக்கத்தில், ஆடுகிற இருவரில் ஒருத்தியின் அம்மா. "நீங்க யார் பக்கம் சார்?"

"யார் பக்கமும் இல்லம்மா. பந்து வெளிய போனா போதும்."

"ரொம்ப நல்ல மனசு."

"அடுத்த வருஷம் மாத்திடுவாங்களாம். இன்னைக்குத்தான் கடைசி."

"எதை?"

ஒரு பந்து கோட்டைத் தாண்டியது. ஆளில்லாத கோட்டோரத்து மெஷின், பதிவு செய்த பெண் குரலில் "அவுட்" என்றது.

பெரியவர் கண்மூடிக் கேட்டார்.

"இதைத்தான். என் வீட்டுக்காரி குரல். கோட்டு நடுவரா இருந்தா. மெஷினுக்குப் பேசிக் கொடுத்துட்டு, போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டா."

மகள் அடித்த அடுத்த பந்து மெல்ல மேலெழுந்து மிதந்தது.

'இது ஒண்ணு மட்டும் வெளிய போகட்டும்' என்று வேண்டிக்கொண்டாள், பெற்றவள்.