புள்ளி விழுந்த வைரம்

கடைக்காரர் அடுக்கடுக்காக எடுத்துக் காட்டிய வைரங்களை எல்லாம் அந்தப் பெண் லென்ஸ் வைத்துப் பார்த்து ஒதுக்கித் தள்ளினாள். கூட வந்தவன் கொட்டாவி விட்டான்.

"மாப்பிள்ளை பாவம்மா, சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

"அதென்ன, ஒண்ணை மட்டும் கைக்குள்ள மறைக்கிறீங்க?"

கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. "அது வேண்டாம்மா. உள்ளே கறுப்புப் புள்ளி இருக்கு."

பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தவள் துள்ளினாள். "இதேதான்! இந்தப் புள்ளி பூமிக்குள்ள பல நூறு கிலோமீட்டர் ஆழத்துல இருந்து வந்த துணுக்கு. அங்கே என்ன இருக்குன்னு இது சொல்லிடும்!"

விற்காதென்று நினைத்த கல் விற்ற குஷியில் அவர் அளவு வளையங்களை எடுத்தார். "மோதிரத்துக்கு விரலை நீட்டுங்கம்மா. கல்யாணம் என்னிக்கு?"

"கல்யாணமா?" கூட வந்தவனின் தூக்கம் போய்விட்டது. "நான் இவங்க ஆய்வுக்கூடத்துல வைரம் தேய்க்கிறவன் சார். புள்ளி வெளியே வர்ற வரைக்கும் நாளைக்கு இதைத் தேய்ச்சுத் தூளாக்கணும்."