கைப்பிடி அரிசி

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளி, ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் சேர்த்துவைப்பது அந்தச் சபைப் பெண்களின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். குவாரித் தூசியில் நெஞ்சு கெட்டுப் புருஷன் தேவஇரக்கம் கட்டிலோடு கிடந்த பிறகும் கிரேனாப்பு அதை நிறுத்தவில்லை. "எங்க வயித்துல அடிச்சு அவருக்கே படியளக்கியா?" என்று அவன் இருமலுக்கு நடுவே திட்டுவான். அவள் அள்ளிய பிடியைக் கலயத்தில் போட்டுவிட்டு உலையைக் கவனிப்பாள்.

பானை காலியாகி, அடுப்பு எரியாமல் கிடந்த இரண்டாம் நாள் உபதேசியார் ஒரு பையோடு வந்தார். "கஷ்டப்படுத குடும்பத்துக்குச் சபையில குடுக்கது. வாங்கிக்கோம்மா." முறத்தில் கொட்டினாள். ஊரிலுள்ள எல்லா வீட்டுக் கைப்பிடி அரிசியும் கலந்து கிடந்தது. நடுவே நீல நூலில் கட்டிய இரண்டு மிளகாய். வண்டு வராமலிருக்க அவள் தன் கலயத்தில் போட்டுவைத்தது. போன ஞாயிறு அரிசியோடு சேர்ந்து போய்விட்டது. தேவஇரக்கமும் பார்த்துவிட்டான். சிரிக்கப்போய் இருமினான்.

உலை கொதித்தது. அவள் முறத்தில் கையை விட்டாள்.

"ஏட்டி, இதுலயுமா?"

அவன் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, சின்னதாப் பிடி."

கிரேனாப்பு பிடித்ததைத் தூக்கிப் பார்த்தாள். வற்றி எலும்பாகிவிட்ட கைக்குள் முன்பு பிடித்ததில் பாதிகூட வரவில்லை. அதைக் கலயத்தில் போட்டுவிட்டு, பழைய பிடிக்குக் குறைந்ததை எடுக்க மறுபடியும் முறத்தில் கையை விட்டாள்.