குட்டைக்கு வழி சொன்ன அம்மணி

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் உண்டு. அது இது இல்லை. முதலில் வெள்ளச்சி குளிக்கப் போகட்டும்.

வெள்ளச்சி கன்னங்கரேலென்று இருக்கும் எருமை. உச்சி வெயிலில் முதுகு தீய்ந்தது. குட்டையில் மிச்சமிருக்கும் சேற்றை மற்ற எருமைகள் பிடிப்பதற்குள் போய்ப் படுத்துவிட வேண்டும். தினமும் வாசம் பிடித்தே போய்விடுவாள். இன்று, கயிறு கோத்த போன் ஒன்று வழியில் கிடைக்க, அதைக் கொம்பில் மாட்டிக்கொண்டாள்.

"இனிமே யாரு மோந்துக்கிட்டு அலையுறது? மேப் போட்டுத்தான் போவேன்!"

போன் எப்போதோ செத்துப்போயிருந்தது. முதுகில் சவாரி செய்த மைனாவுக்கு மட்டும் அது தெரியும்.

"இருபது அடியில் இடப்பக்கம் திரும்பவும்," என்றது மைனா, அச்சு அசல் போன் அம்மணியின் குரலில்.

வெள்ளச்சி திரும்பினாள். திரும்பிக்கொண்டே இருந்தாள். அதே வேப்பமரம் நான்காம் முறையாக எதிரே வந்தது.

"ஏம்மா, குட்டை வாசம் வலப்பக்கம்ல வருது?"

"மூக்கு பழைய மாடல். இடப்பக்கம் திரும்பவும்."

படித்த பொண்ணு, சொன்னால் சரியாகத்தான் இருக்கும். திரும்பினாள்.

குட்டைக்குப் போன இன்னொரு எருமை நின்று பார்த்தது. "என்னடி, மரத்தைக் கட்டிக்கப் போறியா? இந்தச் சுத்துச் சுத்துறே!"

"போடி, நான் மேப்புல போறேன்!"

"இடது காதைத் தூக்கவும்," என்றது குரல்.

தூக்கினாள்.

"இன்னும் கொஞ்சம்... ஆகா, எம்மாம் பெரிய உண்ணி!"

வெள்ளச்சி நின்றாள். போனுக்கு எதுக்கு உண்ணி?

மெதுவாகக் கழுத்தைத் திருப்பினாள். மைனா வாய் நிறைய மென்றுகொண்டிருந்தது.

"அடிப்பாவி, நீயா!"