மாப்பிள்ளை நடை

“காலை நகர்த்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது தம்பி!”

ஹாலின் மறுகோடியிலிருந்து கண்டக்டர் அக்காவின் குரல் வந்தது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். இயந்திரம் மூன்று முறை கூவிவிட்டு, முழங்கால்களைப் பூட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

“நான் நகர்த்தலைக்கா. அதுவா இறுகுது.”

“நாலு அடி,” என்றார் இயந்திரத்தைக் கொண்டுவந்த கம்பெனிக்காரர், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த கைப்பிடியை விடாமல். “முதல் முயற்சி முடிஞ்சுது.”

இடுப்பிலிருந்து பாதம்வரை இரும்பும் பட்டைகளும் அவனைக் கவ்வியிருந்தன. முதுகில் பேட்டரி. இரண்டு கைகளிலும் ஊன்றுகோல். எடையை இடப்பக்கம் சாய்த்தால் இயந்திரம் வலக்காலை எடுத்து வைக்கும். வலப்பக்கம் சாய்த்தால் இடக்காலை. தண்டுவடத்தில் அடிபட்டவர்களை நடக்க வைப்பதற்கென்றே செய்தது. அரை மணி நேரம் அலங்காரம் செய்து நிறுத்தினாலும், சின்னதாக ஏதாவது பிடிக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும். அதனால் ஆஸ்பத்திரியின் அந்தப் பிரிவில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சொல்லி வந்த மாப்பிள்ளை. இன்று கடைசி நாள். கண்ணாடிச் சுவரை ஒட்டிய மஞ்சள் கோட்டில் அவன் நிற்காமல் முப்பது அடி நடந்து காட்டினால் இயந்திரம் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் நாளைக் காலை லாரி வந்துவிடும். நடந்து காட்ட அவன் ஒருவன் பெயரைத்தான் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பதினோரு நாளாகப் பழகுகிறான். வீட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகூட இடம், வலம் என்று சாய்ந்துகொண்டிருப்பான். “இந்த ஆட்டத்துக்கு மேளம் யாரு வாசிக்கிறது?” என்று மனைவி கேட்பாள்.

இரண்டாவது முயற்சியில் பத்து அடிவரை ஒழுங்காகப் போனது. பதினொன்றில் தொடை தானாக இறுகியது. கூவல்.

“கோவிச்சுக்கிட்டாரு,” என்றாள் அக்கா.

“இன்னும் ஒண்ணுதான் இருக்கு,” என்றார் கம்பெனிக்காரர். “அதுக்கு மேல கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.”

அவன் ஊன்றுகோல்களின் மேல் தலையைக் கவிழ்த்தான். “என் காலே எனக்கு எதிரியா இருக்குக்கா.”

“அழறதுன்னா அப்புறம் அழு. பஸ்ஸுல பதினாறு வருஷம் கம்பியைப் பிடிக்காம நின்னவ நான். டிக்கெட் கிழிக்க ரெண்டு கையும் வேணும். வளைவு வந்தா காலாலயா சமாளிச்சேன்? இடுப்பால. எடையை இந்தப் பக்கம் கொடுப்பேன், அந்தப் பக்கம் கொடுப்பேன். மிச்சத்தை பஸ் பார்த்துக்கும்.”

“சொல்றது சுலபம்.”

“இதே மாப்பிள்ளையோட வேற ஊருல நாலு மாசம் குடித்தனம் பண்ணியிருக்கேன். அவர் குணம் எனக்குத் தெரியும். அடக்கப் பார்த்தா முறைப்பாரு. நம்மள ஒப்படைச்சுட்டா சொன்ன பேச்சு கேப்பாரு.” அக்கா கொஞ்சம் யோசித்தாள். “ஒண்ணு பண்ணு. உன் காலை என்கிட்ட கொடுத்துட்டு நட. முப்பது அடி முடிஞ்சதும் பத்திரமாத் திருப்பித் தரேன்.”

கம்பெனிக்காரர் சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தைப் பார்த்தான். அங்கேயும் சிரிப்பு இல்லை. உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஊன்றுகோல்களை இறுகப் பற்றினான்.

“எடுத்துக்கங்கக்கா.”

“ரைட்! போலாம்!”

இடப்பக்கம் சாய்ந்தான். வலக்கால் போனது. போகட்டும் என்று விட்டான். வலப்பக்கம். இடக்கால் போனது. அது யாருடைய காலோ. ஊன்றுகோல், இடுப்பு, அடி. ஊன்றுகோல், இடுப்பு, அடி.

பதினொன்று தாண்டியது. கம்பெனிக்காரர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார்.

பத்தொன்பதில் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. கம்பெனிக்காரரின் பிடி இறுகியது.

“கீழ பார்க்காதே! வளைவுதான், இடுப்பைக் கொடு!”

கொடுத்தான். இயந்திரம் ஒரு கணம் தயங்கிவிட்டு அடுத்த காலை எடுத்தது. இருபத்து நான்கில் தோள்கள் நடுங்கின. கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது.

“இறங்கிடாதே, ஸ்டாப் இன்னும் வரலை!” என்று கத்தினாள் அக்கா.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

“முப்பது!” என்று கத்தியது கம்பெனிக்காரர்தான்.

நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டார். மாப்பிள்ளை மரியாதையாக அவனை உட்கார வைத்தார். கம்பெனிக்காரர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, குனிந்து பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

“தப்பா நினைக்காதீங்க. கால் நல்லா இருக்கறவங்கதான் இதுல ரொம்பத் திணறுவாங்க. அதனாலதான் நோயாளிங்களை இதுல ஏத்தப் போறவங்களை முதல்ல நடக்க வைக்கிறோம், டாக்டர்.”

டாக்டர் அங்கே இல்லை. ஹாலின் மறுகோடிக்கு ஓடிப்போய், அக்காவின் சக்கர நாற்காலியின் பிரேக்கை விடுவித்துக்கொண்டிருந்தான்.

“என் காலை வாங்கிக்கிட்டேன்க்கா,” என்றான் மூச்சிரைக்க. “வாங்க, உங்க காலைக் கட்டிவிடறேன்.”