பெரிய மடிக்குப் பரிசு

கறக்காமல் விட்டால் மடி பெருத்துக் காட்டும் என்பது வேளாண் கண்காட்சிக்கு மாடு கொண்டுவருகிறவர்களின் சாஸ்திரம். செங்கோடன் முந்தின நாள் மாலையிலிருந்தே செவலைப் பசுவைக் கறக்கவில்லை. கன்றையும் எட்டக் கட்டிவிட்டு, குடும்பத்தோடு டெல்லி அப்பளம் தின்னப் போய்விட்டார்.

"பசிக்குதும்மா," என்றது கன்று.

"பொறுடி. நடுவர் நாடாவோட வர்றார். உங்கம்மா ஜெயிக்கப்போறா," என்றது பக்கத்து எருமை.

"அவங்க யாரும் பொறுக்கலையே," என்றது கன்று, அப்பளக் கடையைப் பார்த்து.

செவலை ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்துக்கொண்டு கன்றிடம் போய் நின்றது. நடுவர் வந்து குனிந்தபோது மடி பாதியாகியிருந்தது.

"பரிசு போச்சு. இனிமே அவர் எதை அளப்பார்?" என்றது எருமை.

"இவ வயித்தை அளக்கட்டும் அக்கா," என்றது செவலை, நகராமல்.