பதிவுப் பத்திரம்

“பெரியண்ணன், உங்கட சோடாக் கடை இனி லிமிடெட் கம்பெனி!” கண்டியில் பேர்பெற்ற வக்கீலான பிரக்கிராசி பரராசசிங்கம் பதிவுப் பத்திரத்தை நீட்டினார்.

பெரியண்ணன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பதினெட்டு வருஷம் ஒற்றை மெஷினோடு மல்லுக்கட்டி வளர்த்த தொழில்.

“இதுனால எனக்கு என்னாங்க ஐயா?”

“சட்டத்துக்குக் கம்பெனியும் ஒரு ஆள்தான். தொழில் நொடிச்சாலும் உங்கட வீட்டில ஒருத்தரும் கைவைக்கேலாது. நீங்கள் இல்லாட்டியும் அது இருக்கும்.”

“அத நாட்ட விட்டுப் போகச் சொல்லுவாங்களா?”

பிரக்கிராசி விழுந்து விழுந்து சிரித்தார். “எப்பிடிச் சொல்லுறது? அது இலங்கையிலயெல்லோ பிறந்தது!”

பெரியண்ணன் சிரிக்கவில்லை. காலையில் தபாலில் வந்த இன்னொரு தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய இலங்கைக் குடியுரிமை மனு தள்ளுபடி, மூன்று மாதத்துக்குள் இந்தியாவுக்குப் போய்விட வேண்டும் என்றிருந்தது.

பிரக்கிராசியின் சிரிப்பு அப்படியே நின்றது.

“நானும் இங்க கண்டிப் பக்கம் தெல்தோட்டையிலதாங்க ஐயா பொறந்தேன்” என்றார் பெரியண்ணன். “என்னையத்தான் யாரும் பதியலைங்க.”