தப்பியோடினார்

ஏழாம் கேள்விக்கு வந்ததும் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

போன முறை காலை வாரிய அதே கேள்வி. அதே பத்து மார்க்.

‘மலைக்கிராமப் பழங்குடிப் பெண், வயது 22. பிரசவமான மறுநாள் குழந்தையுடன் வார்டிலிருந்து தப்பியோடினார். காரணங்களை எழுதுக.’

தப்பியோடினாராம்! என்ன, நகையைத் திருடிக்கொண்டா ஓடினாள்?

அது ரங்கி. இவளுடைய கூடப்பிறந்த அக்கா. ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து எடுத்து, பெயரை மட்டும் வெட்டிவிட்டு, ஊரும் தேதியும் அப்படியே இருக்க, பல்கலைக்கழகத்தின் ‘பழங்குடியினர் நலவாழ்வு’ புத்தகத்தில் போட்டுவிட்டார்கள்.

அக்கா ஓடவில்லை. மலைக்கு ஒரே பஸ், மதியம் இரண்டரைக்கு. வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை. சொல்லிக்கொண்டுதான் கிளம்பினாள், தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடம். இருந்த நாளெல்லாம் அக்காவைப் பார்த்து ‘சாப்பிட்டியா’ என்று கேட்டது அந்த அம்மா மட்டும்தான். அக்காவின் கணக்கில், அப்படிக் கேட்பவர்தானே அந்த இடத்துக்குப் பெரியவராக இருக்க வேண்டும்?

போன பரீட்சையில் இதை இரண்டு பக்கம் எழுதினாள்.

பூஜ்யம். பாடத்திலேயே பெயில்.

விடைத்தாளோடு பேராசிரியரிடம் போய் நின்றாள். நல்ல மனிதர்தான், அதுதான் இன்னும் எரிச்சல். முழுவதையும் படித்தார். பெருமூச்சு விட்டார். பிறகு புத்தகத்தைத் திருப்பி, மார்க் உள்ள மூன்று சொற்களை விரல் வைத்துக் காட்டினார்.

இன்றும் தவறினால் மலையில் காலியாக இருக்கும் சுகாதாரப் பணியாளர் வேலை வேறு யாருக்கோ போய்விடும். மலைப் பேச்சில் ஒரு வார்த்தை தெரியாத யாருக்கோ.

அக்காவுக்கோ பெருமை தாங்கவில்லை. அவள் கதை புத்தகத்தில் வந்துவிட்டதாம்! அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இவளும் சொல்லவில்லை. அக்கா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

மணி அடிக்கப் பத்து நிமிடம்.

பேனாவைத் திறந்தாள்.

எழுதினாள்.

அறியாமை. மூடநம்பிக்கை. ஒத்துழையாமை.

ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடு வேறு.

ரிசல்ட் வந்த அன்று போனில் அக்கா கூவினாள்.

“பாசாயிட்டியா புள்ளே! என்னையப் பத்தின கேள்வி வந்துச்சா? நல்லா எழுதுனயா?”

பத்துக்குப் பத்து.